கேமரா சென்சாரை வைத்து போட்டோகிராபர்கள் இணையத்தில் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்? உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. சென்சார் என்றால் கேமராவுக்குள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற சிப். அதை வைத்து நடக்கிற அந்தச் சண்டையை இரண்டு வருடம் கிட்டத்தட்ட முழுநேர வேலையாகவே போட்டவன் நான். காவேரிப்பட்டணத்தில் சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், பாஸ்போர்ட் சைஸ் என்று எது வந்தாலும் எடுப்போம்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கையில் ஒரு லட்சத்துக்குள் ஒரு தொகையை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை யூடியூபில் கேனனா, நிக்கானா, சோனியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

2013இல் கேனன் 5டி மார்க் 3 வாங்கினேன். அதுவரை இருந்தது 550டி. புதுசை வாங்க வீட்டம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

அப்போது ஃபேஸ்புக்கில் எங்கள் பக்கத்து போட்டோகிராபர்கள் எல்லாரும் புழங்கினோம். தர்மபுரியில் ஒரு அறிவியல் வாத்தியார். அவருக்கு இது தொழில் இல்லை, ஆசை. நிக்கான் டி800ஐயும் ட்ரைபாடையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒகேனக்கல் போய்விடுவார். டிஎக்ஸ்ஓமார்க் என்று ஒரு பிரெஞ்சுக் கம்பெனி அப்போது சென்சார்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. டி800க்கு 95. என் 5டி மார்க் 3க்கு 81. இரண்டுமே 2012இல் வந்த கேமராக்கள். டைனமிக் ரேஞ்சில், அதாவது ஒரே படத்தில் வெளிச்சத்தையும் இருட்டையும் சேர்த்துப் பிடிக்கிற வீச்சில், அதற்கு 14.4 ஸ்டாப், இதற்கு 11.7. ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. வாத்தியார் ஆயிற்றே, மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? யார் கேனன் படம் போட்டாலும் கீழே வந்து ‘81’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்.

ஒருநாள் ஒகேனக்கல் படம் ஒன்று போட்டார். உச்சி வெயில். அருவி நுரை வெள்ளை வெளேரென்று, பாறை கன்னங்கரேலென்று. தண்ணீருக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருட்டை மட்டும் நாலு ஸ்டாப் தூக்கியிருந்தார். பாறை நிழலில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் மூங்கில் பின்னல் ஒவ்வொரு பட்டையாகத் தெரிந்தது. வயிறு எரிந்தது. அடுத்த நாளே கே.ஆர்.பி. அணைக்குப் போய் அதே மாதிரி ஒன்று எடுத்து, நிழலைத் தூக்கிப் பார்த்தேன். மதகுக்குக் கீழே புடவைக் கரை மாதிரி கோடு கோடாக வந்தது. யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டேன்.

அழித்துவிட்டுப் போய் என்ன எழுதினேன் தெரியுமா? ‘எக்ஸ்போஷர் சரியாக வைக்கத் தெரியாதவனுக்குத்தான் நிழலைத் தூக்க வேண்டிவரும்.’ இதை ஒரு நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். கேனன்காரர்கள் எல்லாரும் அப்போது எழுதிய வசனம்தான் அது, நான் கண்டுபிடித்ததில்லை.

இனி சொல்லப்போவதைத்தான் இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. 2014இல் கிருஷ்ணகிரியில் ஒரு ரிசப்ஷன். பெண் வீட்டுப் பையன் ஒருவன் நிக்கான் டி7000 வைத்திருந்தான், கூடவே வந்த 18-105 லென்ஸோடு. என்னிடம் 85 எம்எம், எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும்). இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று மாப்பிள்ளையை எடுத்தோம். அவன் படத்தை ‘அனுப்புடா தம்பி’ என்று கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் போட்டேன். ‘ஒரே மேடை, ஒரே வெளிச்சம், ஒரே நேரம். நிக்கான் இருட்டில் இப்படித்தான்’ என்று எழுதினேன். மாப்பிள்ளை கன்னம் என் படத்தில் வெண்ணெய். அவன் படத்தில் ரவை உப்புமா.

எழுதாமல் விட்டது: என் படம் ஐஎஸ்ஓ 640, அவனுடையது 6400. ஐஎஸ்ஓ என்றால் கிடைத்த வெளிச்சத்தின் சிக்னலைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு. அவன் லென்ஸ் அந்த இடத்தில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. என்னுடையது அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். போதாததற்கு என்னுடையது ஃபுல் ஃபிரேம், 36க்கு 24 மில்லிமீட்டர். அவனுடையது அதில் பாதிக்கும் குறைவான பரப்புள்ள சென்சார். பத்து மடங்கு வெளிச்சத்தை நான் வாங்கிக்கொண்டு, அவன் கேமராவைத் திட்டினேன். லைக் எக்கச்சக்கம். வாத்தியார் மட்டும் கீழே வந்து இரண்டே வார்த்தை எழுதினார்: ‘லென்ஸ் என்ன?’

பதில் சொல்லவில்லை. ராத்திரியே பதிவை நீக்கிவிட்டேன்.

(இங்கே சிலர் ‘அதெல்லாம் தெரிந்தேதான் செய்திருப்பாய்’ என்பார்கள். பாதி தெரியும், பாதி தெரியாது. தெரிந்த பாதி எது என்று கேட்காதீர்கள்.)

அடுத்த வருடம் கோடையில் நாகரசம்பட்டி பக்கம் ஒரு ஊரில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா. பாரதக் கூத்து. எங்கள் பக்கம் இதுதான் பெரிய விஷயம். ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். காசுக்குப் போகவில்லை, எனக்கு அது பிடிக்கும். கூட்டத்தில் கழுத்தில் நிக்கானின் மஞ்சள் எழுத்துப் பட்டையோடு ஒருவர். மூக்குக்கண்ணாடி, மடித்துவிட்ட முழுக்கை.

“காவேரிப்பட்டணம் தம்பிதானே?”

“ஆமாங்க சார்.”

அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் அவரை ஒருமையில் எழுதியவன், நேரில் ‘சார்’ தானாக வந்தது. பக்கத்திலேயே நின்றோம். இரண்டு டியூப்லைட், இரண்டு ஃபோகஸ் விளக்கு, சுற்றிலும் பூச்சி. இரண்டு பேர் கையிலும் 70-200, எஃப் 2.8. ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒன்று, ஐஎஸ்ஓ 6400. திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் கிரீடத்தை மட்டும் ஆட்டிக் காட்டிவிட்டு, பாட்டு முடிகிற இடத்தில் திரையைத் தள்ளிக்கொண்டு குதித்தான். கிரீடத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. சிவப்பு அரிதாரத்தில் வேர்வை கோடு போட்டு இறங்கிக் கழுத்தில் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம், சத்தம் கேட்டது.

காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்கிறான். நல்ல வெயில். திரௌபதி வேடக்காரர் விரித்த கூந்தலோடு ஆவேசமாக வருகிறார். முகம் முழுக்கக் கூந்தல் நிழல், பின்னால் வெள்ளை வேட்டிக் கூட்டம். இங்கே ஐஎஸ்ஓ 100.

மத்தியானம் வாத்தியாரே “உங்க கடைக்குப் போலாமா?” என்றார். நிப்பட்டும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு கார்டையும் கம்ப்யூட்டரில் போட்டோம். முதலில் ராத்திரிப் படம். அவருடையது 36 மெகாபிக்சல், என்னுடையது 22. அவர் படத்தை என் அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால், எது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, ஃபைல் பெயரைப் பார்த்துத்தான் சொன்னோம். அப்புறம் காலைப் படம். திரௌபதி முகத்தைத் தூக்கினேன். அவர் படத்தில் கூந்தலுக்குள்ளே கண் தெரிந்தது. என் படத்தில் கண்ணோடு சேர்ந்து கே.ஆர்.பி. அணைக் கோடுகளும் வந்தன.

ஏன் என்று கேட்டேன். வாத்தியார் ஜெயித்த முகம் காட்டாமல் பாடம் எடுத்தார். ‘கூத்துல மைக் செட் பார்த்தீங்கல்ல? மைக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நீளமா ஒயர் போகுது, அந்த ஒயர் உம்முன்னு இரையுதுன்னு வச்சுக்குங்க. மெல்லப் பேசறவன் குரல் அப்படியே ஒயர்ல போனா, இந்தப் பக்கம் வால்யூமை ஏத்தும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். மைக் பக்கத்துலயே குரலைப் பெருக்கி அனுப்பிட்டா இரைச்சல் அமுங்கிடும்.’ அந்தக் காலக் கேனனில் சென்சார் பிடித்த சிக்னல் வெளியே வந்து, வேறொரு சிப்பில்தான் எண்ணாக மாறும். அதுதான் அந்த நீள ஒயர். டி800இல் இருந்தது சோனி செய்த சென்சார், அதில் சென்சார் மேலேயே ஒவ்வொரு வரிசைக்கும் மாற்றிவிடுவார்கள். ஒயரே இல்லை. ஐஎஸ்ஓ 6400 வைத்தால் கேனனிலும் சிக்னல் முன்னாலேயே பெருக்கப்பட்டுவிடுகிறது, ஒயர் இரைச்சல் கணக்கிலேயே வராது. அப்போது மிச்சம் இருக்கிற சொரசொரப்பு வெளிச்சம் குறைவு என்பதால் வருவது. அது எந்தக் கம்பெனி சென்சாருக்கும் பொது. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏறத்தாழ 100 கூடக் குறைய இருக்கும், நூற்றில் ஒரு பங்கு. 100 தான் விழுந்தது என்றால் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. ரவை உப்புமா அங்கேதான் பிறக்கிறது.

ஆக 95, 81 என்ற மார்க்கில் பெரிய இடைவெளி வந்ததே ஐஎஸ்ஓ 100இல் நிழலைத் தூக்குகிறவருக்காக. அவர் ஒகேனக்கல் பாறைக்கு அது உயிர். நான் வருடம் முழுக்க மண்டபத்துக்குள்ளே 1600க்கும் 6400க்கும் நடுவில் கிடக்கிறவன், எனக்கு அது ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம். ஐஎஸ்ஓ எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏன் அவ்வளவு ரோஷம் என்றால், வளையல் அடகில் இருக்கிறது, ஒரு மனுஷன் வந்து ‘81’ என்கிறார். கேமராவைச் சொன்ன மாதிரியா இருக்கும்? வட்டி கட்டுகிற அன்றைக்கு நான் எழுதியதெல்லாம் இன்னும் காரமாக இருக்கும், பிறகு தேதியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இன்று சோனியில் இஎம்ஐ கட்டுகிற பையன்களும் அப்படித்தான் கத்துகிறார்கள்.

‘சென்சார் முக்கியமே இல்லை, கண்தான் முக்கியம்’ என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. முக்கியம்தான். கேனனே 2016இல் 80டி, 5டி மார்க் 4 வந்தபோது சிக்னலை எண்ணாக மாற்றுகிற அந்த வேலையைச் சென்சாருக்குள் கொண்டுபோய்விட்டது. அதோடு அந்தச் சண்டையும் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. நான் கேனனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று வராதீர்கள், 2019இலிருந்து என் கையில் இருப்பது சோனி ஏ7 3. வாத்தியார் ஓய்வு பெற்ற பணத்தில் கேனன் ஆர்6 வாங்கியிருக்கிறார். ஆமாம், சிரியுங்கள்.

வாடிக்கையாளர் கதை வேறு. ஆல்பத்தில் 12க்கு 18 இஞ்ச் பக்கம் 300 டிபிஐயில் போட 19 மெகாபிக்சல் சொச்சம் போதும். இன்றைக்கு விற்கிற சாதாரண 24 மெகாபிக்சலே தாங்கும். இத்தனை வருடத்தில் படத்தில் நாய்ஸ், அதாவது அந்தச் சொரசொரப்பு, இருக்கிறது என்று ஒரு கல்யாண வீடும் சொன்னதில்லை. ‘எங்க பெரியப்பா ஒரு போட்டோலகூட இல்லையே’ என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஆல்பத்தை வாங்கவே வராதவர்களை என்ன செய்வது? அலமாரியில் ஏழு ஆல்பம் கிடக்கிறது. பிரிண்ட் லேபுக்கு என் கைக்காசு கட்டி எடுத்து வந்தவை. ஒன்று 2019 கல்யாணம், பாக்கி 18,000. பென்டிரைவில் படம் கொடுத்த அன்றோடு ஆள் போனையே எடுப்பதில்லை. போன பொங்கலுக்குச் சந்தையில் குடும்பத்தோடு பார்த்தேன், பிள்ளை ஸ்கூல் பை மாட்டுகிற வயசு. ‘அண்ணா, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறோம்’ என்றார்கள். தொழிலுக்கு வருகிறீர்கள் என்றால் தம்பி, பாக்கி வாங்காமல் ஒரு படம்கூடக் கொடுக்காதீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சரி, உங்களுக்கு. மண்டப வேலை என்றால் பணத்தைப் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவில், கொட்டாதீர்கள். ஓரளவு புதிய பாடி எதுவானாலும் எடுத்து, எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை அதில் மாட்டுங்கள். மேடையில் எல்இடி விளக்கு இருந்தால் சைலண்ட் ஷட்டரை அணைத்துவிட்டு 50 அல்லது 100இல் ஒன்று என்ற வேகத்தில் எடுத்துப் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், அதனால் படத்தில் விழுகிற பட்டையைப் பார்த்துவிட்டுச் சென்சாரைத் திட்டுகிறவர்கள் நிறைய. மலை, அருவி, விடியல் என்றால் மட்டும் ஐஎஸ்ஓ 100 கணக்கைப் பாருங்கள்.

போன மாதம் ஊத்தங்கரைப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டான். நிக்கான் பார்க்கலாமே என்றேன். உடனே ஒரு படம் அனுப்பினான். ‘இதப் பாருங்கண்ணா, நிக்கான் இருட்டுல எப்படி இருக்குதுன்னு.’ பல கை மாறி மங்கிப் போயிருந்தது. வெண்ணெய்க் கன்னம், உப்புமாக் கன்னம், மாப்பிள்ளைக்குப் பின்னால் அந்த ரிசப்ஷன் மேடை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ‘லென்ஸ் என்னன்னு கேட்டியா தம்பி?’ என்று எழுதி அனுப்பினேன்.