பாட்டி கதை படமாகிறது. பேரன் போட்ட கையெழுத்து என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி பேசாப் படக் காலத்தில் பம்பாயில் கதாநாயகியாக இருந்தவர். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் 1979-ல் காலமானார். அவர் கதையைப் படமெடுப்பதாக வந்தவர்களிடம் கடிதக்கட்டையும் ஆல்பத்தையும் கொடுத்தேன். இரண்டு லட்சம் தந்து கையெழுத்து வாங்கினார்கள். நாலு மாதம் முன்பு டீசர் வந்தது. பாட்டி ரோஜாப்பூ மிதக்கும் பால் தொட்டியில் குளிக்கிறார். ஒரு மகாராஜா வைர ஒட்டியாணத்தைத் தொட்டிக்குள் வீசுகிறார். அந்த டைரக்டர் எங்கள் அம்மா காலில் விழுந்து ஆசி வாங்கியவர்! தங்கை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவள் பெயரில் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்தலாமா?

பதில்: காலில் விழுந்ததை விடுங்கள், பால் தொட்டியையும் விடுங்கள். ஒருவருடைய பெயரும் அந்தரங்கமும் நிலம், நகை போல வாரிசுக்கு வருவதில்லை. ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் போன வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரை அவதூறு செய்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் குற்றம்தான். ஆனால் அந்த நோக்கத்தை நிரூபிப்பதற்குள் படம் ஓடிடியில் பழசாகியிருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கடிதங்கள். அச்சேறாத கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுக்குப் போகும். 1933-ல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் ஓடிய 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படத்தை நிறுத்தியதும் யாருடைய மனவருத்தமும் அல்ல, நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம்தான். கடித வரிகள் வசனமாக வந்திருந்தால் பேச இடம் உண்டு.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ஏழாவது பத்தியைப் படித்தீர்களா? 'நான் மட்டுமே வாரிசு. வேறு யாராவது உரிமை கோரினால் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டம், வழக்குச் செலவு அனைத்தையும் நானே ஈடு செய்வேன்' என்று இருக்கிறது. தங்கை வழக்குப் போட்ட மறுநாளே உங்கள் வீட்டு வாசலுக்கு நோட்டீஸ் வரும். அவர் ஜெயிக்க ஜெயிக்க உங்கள் கடன் ஏறும். 'மட்டுமே' என்பது பொய் என்று அவருடைய மனுவே சொல்லிவிடுவதால், உங்கள் மேல் மோசடிப் புகாரும் வரலாம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு தங்கையை முன்னால் நிறுத்தும் இந்த யோசனையோடு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தறவாட்டு (குடும்பச் சொத்து) பாகப் பிரிவினையும் சேர்ந்து கோர்ட்டுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, கோபத்தில் யூடியூப் பேட்டி கொடுத்துவிடாதீர்கள். 'ரெண்டு லட்சத்தைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணம் வாங்கியதற்கு நீங்களே சாட்சி. எதிர் வக்கீல் அதை வரி வரியாக எழுதி ஆவணமாகத் தாக்கல் செய்வார். படத்துக்கு இலவச விளம்பரம் வேறு.

காலமும் உங்கள் பக்கம் இல்லை. உரிமைக்கான தொகை 3 லட்சத்தைத் தொட்டால் வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். உண்மையான அவசரம் இல்லையென்றால் அங்கே வழக்குக்கு முன் மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சு. நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்றால் யார் நம்புவார்கள்? பாலக்காட்டிலேயே வழக்குப் போட முடியும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆகவே சமரசம். ரோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரிலீசுக்கு முன் படம் பார்க்க வேண்டும், கதாபாத்திரத்தின் பெயரை மாற்ற வேண்டும், தொடக்கத்தில் 'கற்பனை கலந்தது' என்று போட வேண்டும், கடிதங்களின் அசல் திரும்பி வர வேண்டும், ஏழாவது பத்தியை ரத்து செய்ய வேண்டும். இவற்றில் கடைசி இரண்டுக்காக மற்றதை எல்லாம் விட்டுக்கொடுங்கள். கூடுதல் பணம் கேட்டால் தங்கையின் பங்காகக் கேளுங்கள். அவரும் மற்ற வாரிசுகளும் அதே தாளில் கையெழுத்திடட்டும். அதற்கு முன் டைரக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள்.