சாரலில் உரியாத பூ: பழைய கேன்வாஸ் ஷூவும் கசவுக் கரையும்

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன். மூன்று வருடம் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ பழுப்பேறிவிட்டது. போன மாதம் துவைத்து, ஃபேப்ரிக் பெயிண்டில் பூ வரைந்தேன். இரண்டே வாரத்தில் விரல் பக்கம் செதில் செதிலாக உரிந்துவிட்டது. திரும்ப வரைந்தால் நிற்குமா? ஓணத்துக்குப் புனலூரில் தோழி வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக ஆசை. பாட்டியின் பழைய செட்டு முண்டில் (கேரளத்து இரண்டு துண்டுப் புடவை) கசவுக் கரை, அதாவது ஜரிகைக் கரை, மட்டும் நன்றாக இருக்கிறது. அதை ஷூவில் ஒட்டலாமா?

பதில்: பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் துவைத்தது சாரல் மாதத்தில். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில், கேன்வாஸ் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள் துணியும் ரப்பர் சேரும் ஓரமும் இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. ஃபேப்ரிக் பெயிண்ட் தண்ணீரில் கலந்த அக்ரிலிக். தண்ணீர் முழுதும் ஆவியானால்தான் அது நூலைப் பிடிக்கும். என் முதல் ஜோடியில் நான் வரைந்த மயிலும் இப்படித்தான், குற்றாலம் போய்த் திரும்புவதற்குள் கழுத்தை இழந்துவிட்டது.

இன்னொரு காரணம், வரைந்த இடம். ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி நில்லுங்கள். விரல்களுக்குப் பின்னால் கேன்வாஸ் மடிகிறதல்லவா? அந்தக் கோடுகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கெட்டியாகப் பூசினால் எந்த பெயிண்டும் வெடிக்கும். நிறம் வேண்டுமென்றால் தண்ணீர் கலந்து, சாயம் போல நூலுக்குள் இறங்கும்படி மெல்லத் தடவுங்கள். பூவெல்லாம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

உரிந்த பெயிண்டைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுங்கள். தின்னர் வேண்டாம், அடிப்பாகத்தை ஒட்டிய பசையையும் இளக்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், நூல் நைந்துபோகும். துவைத்த பிறகு வரும் பழுப்புக்குப் பெரும்பாலும் அலசாமல் விட்ட சோப்புதான் காரணம்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழுப்போடு மல்லுக்கு நிற்க மாட்டேன். செட்டு முண்டின் நிறமே வெளுக்காத பருத்தியின் பழுப்பு வெள்ளைதானே? நான்கு ஸ்பூன் தேயிலைத் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். ரப்பர் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, ஈரமான கேன்வாஸ் முழுக்க ஒரே சீராகப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து அலசினால் திட்டுத்திட்டாக இருந்தது ஒரே நிறமாகிவிடும். துணி பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டரில் தேயிலைக்கறை சரியாக ஏறாது.

அப்புறம் காயவைப்பது. உள்ளே பழைய வேட்டித் துணியைத் திணித்து, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். மின்விசிறிக்கு அடியில் மூன்று நாளாவது இருக்கட்டும். அதன் பிறகே பிரஷைத் தொடுங்கள். ஒரு கனமான பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு நிற்கும். கடைசிப் பூச்சு ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும், ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஐந்து நிமிடம் சூடு காட்டுங்கள். ஷூவுக்குள் இஸ்திரிப் பெட்டி போகாது, அதனால்தான் இந்த வழி.

இப்போது கசவு. ஒட்டாதீர்கள், தையுங்கள். வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். முதலில் கரையிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். உருகி உருண்டையானால் பிளாஸ்டிக் ஜரிகை, தயங்காமல் வெட்டலாம். உருகாமல் உலோக இழை மிஞ்சினால் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அசல் ஜரிகையை நான் ஷூவுக்காக வெட்ட மாட்டேன். பிளாஸ்டிக் ஜரிகை சூட்டில் சுருங்கும் என்பதால் பெயிண்ட் வேலையும் டிரையரும் முடிந்த பிறகே தைக்க வேண்டும். ஓரத்தை அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்து, கனமான ஊசியால் பாலியெஸ்டர் நூலில் நெருக்கமாகத் தையுங்கள். ஊசி இறங்காவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், அவருடைய குத்தூசிக்கு அது ஒரு வேலையே இல்லை.

கரையை எங்கே வைப்பது? பூவுக்கு விட்ட பக்கவாட்டைத் தவிர்த்தால், மடியாத இடம் இரண்டுதான்: லேஸ் ஓட்டைகளின் ஓரமும், குதிகாலின் பின்பட்டையும். என் ஓட்டு பின்பட்டைக்கு. தோழி வீட்டுப் படியில் எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.