அப்பாவின் கணக்கில் வந்த டாலர்

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வெளிநாட்டு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்தில் என்னிடம் பான் கார்டு இல்லாததால், ஆன்லைன் தளத்தில் அப்பாவின் பானையும் வங்கிக் கணக்கையும் கொடுத்தேன். வீட்டுக்குத்தானே என்று பணத்தையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். 2023-24இல் மட்டும் 16 லட்சம் வந்தது. ரிட்டர்ன் போட்ட கம்ப்யூட்டர் சென்டர்க்காரர், "மூன்று ஏக்கர் இருக்கிறதே" என்று அதை அப்பாவின் விவசாய வருமானமாகக் காட்டிவிட்டார். அதற்கப்புறம் பணம் என் கணக்குக்கு வருகிறது, ரிட்டர்ன் இன்னும் போடவில்லை. அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் 14 லட்சம் டெபாசிட் இருக்கிறது, நாமினி நான். ஒரு நாள்கூட வீட்டுச் செலவுக்குப் பணம் தராத அண்ணன் இப்போது பாதி கேட்கிறார். அம்மாவும் தங்கையும் என் பக்கம். அண்ணன் மேல் வழக்குப் போடலாமா? ரிட்டர்ன்காரர் மேல்? இனிமேல் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்ய என்ன வழி?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சுயதொழில் செய்பவர் என்று வருமான வரியில் தனிப் பதிவு எதுவும் கிடையாது. பான், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், கடன் வாங்க உதவும், கட்டாயமில்லை. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. டாலரில் வருவதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ரிட்டர்ன்காரரை விடுங்கள். அவர் போட்டது உங்கள் அப்பாவின் ரிட்டர்ன். ஓடிபி வந்த போன் உங்கள் வீட்டுப் போன், அதைப் படித்துச் சொன்னது உங்கள் வீட்டு ஆள். சட்டம் பொறுப்பை அங்கேதான் வைக்கிறது.

அண்ணன் வீட்டுக்கு என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நீதிமன்றமும் அதைப் படிக்கப்போவதில்லை. உயிலில்லாமல் இறந்த அப்பாவின் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வருக்கும் சமம். நல்ல மகன், கெட்ட மகன் என்ற கணக்கே அதில் இல்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் ஆள், உரிமையாளர் அல்ல. அண்ணன் கேட்கிற பாதியும் தவறு. அவருக்கு நான்கில் ஒன்று, அதாவது மூன்றரை லட்சம்.

சட்டத்துக்கு முக்கியமான விஷயம் ஒன்றுதான், உங்கள் கடிதத்தில் அது ஒற்றை வரியில் போய்விட்டது. சம்பாதித்தவர் ஒருவர், பணம் வந்து விழுந்த கணக்கு இன்னொருவருடையது.

இப்படிப்பட்ட தாவாக்களில் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்கிறேன். பிராதில், அதாவது வழக்கு மனுவில், என்ன எழுதுவீர்கள்? "டெபாசிட்டில் இருப்பது என் உழைப்பின் பணம், அப்பா பெயரில் இருந்தாலும் சொந்தக்காரன் நான்தான்" என்று எழுதுவீர்கள். வேறு வழியில்லை, வழக்கே அதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே பினாமி தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எடுப்பார். இன்னொருவர் பெயரில் வைத்த சொத்தை 'உண்மையான உரிமையாளர் நான்' என்று சொல்லி மீட்க வழக்கே போட முடியாது என்கிறது அது. பெற்றோருக்கு விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்டு. ஆனால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டாக இருந்திருக்க வேண்டும், பணத்துக்கு மூலமும் தெரிந்திருக்க வேண்டும். டெபாசிட் ரசீதில் அப்பா பெயர் மட்டும்தானே இருக்கிறது? பிராது நிராகரிக்கப்பட்டால் கோர்ட் கட்டணம் போச்சு என்பதோடு முடியாது. பினாமி என்று முடிவானால் சொத்து பறிமுதல், ஒரு வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறை.

அண்ணனுக்குக் கோபம் வந்தால் செய்வது இன்னும் எளிது. உங்கள் பிராதின் நகலை வைத்து வருமான வரி அலுவலகத்துக்கு ஒரு மனு. உங்கள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை நீங்களே தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த அலுவலகத்தில் என்ன நடக்கும்? டெல்டாவில் வரித் தகராறு என்றால் பலதும் 'விவசாய வருமானம்' என்ற ஒரே மருந்தால் வந்த நோய்தான். நிலம் இருக்கிறது, சிட்டா இருக்கிறது, விவசாயத்துக்கு வரி இல்லை, அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள். அதிகாரி கேட்பது சிட்டா இல்லை. அடங்கலில் என்ன பயிர், கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை போட்டீர்கள், பணம் எந்தத் தேதியில் கணக்குக்கு வந்தது என்றுதான் கேட்பார். 2023-24இல் சன்ன ரக நெல்லுக்கு அரசு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,310 ரூபாய். மூன்று ஏக்கரில் இரண்டு போகமும் ஏக்கருக்கு 22 குவிண்டால் வீதம் கண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம், உழவு, நடவு, அறுப்புக் கூலி எல்லாம் கழிக்காமல். அதுவும் எந்த வருடம்? ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணையை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10இலேயே மூடிய வருடம். அந்த வருடத்தில் மூன்று ஏக்கரில் 16 லட்சம் என்று எழுதியவருக்கு வயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது வங்கி ஒரு காரணக் குறியீடு போடும். உங்கள் வேலைக்கு அது பி0802ஆக இருக்கும், மென்பொருள் ஆலோசனை என்று அர்த்தம். நெல் விற்ற பணத்தில் அது எப்படி வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 16 லட்சத்தையும் அப்பாவின் வருமானமாகவே எடுத்துப் புதிய வரி முறையில் போட்டால் 1,87,200 ரூபாய் வரி. தவறான தகவல் கொடுத்ததற்கு 270ஏ பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், 3,74,400. வட்டி தனி. தகவல் தொழில்நுட்பம் 44ஏடிஏ பிரிவில் வரும் தொழில், அதில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ஆகவே உங்கள் பெயரில் ஒழுங்காகக் காட்டியிருந்தால் எட்டு லட்சத்துக்கு 36,400 ரூபாய்தான் வரி. இந்தத் தொகைக்காகத்தான் இவ்வளவும்.

புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் வந்துவிட்டது, பழையது போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-24க்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான். அப்பா இறந்துவிட்டார் என்பதும் காப்பாற்றாது. 159ஆம் பிரிவு வாரிசுகளை அவர் இடத்தில் உட்கார வைக்கிறது, விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு.

சரி, என்ன செய்வது? நோட்டீஸ் வரும் முன் 2023-24க்கும் 2024-25க்கும் உங்கள் பெயரில் புதுப்பித்த ரிட்டர்ன் போடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் போக அதில் 25 சதவீதம் கூடுதல், 24 மாதத்துக்குள் 50, அடுத்து 60, 70 என்று ஏறும். வலிக்கும். ஆனால் மேலே சொன்ன தொகைக்கு இது எவ்வளவோ மேல். உங்கள் உழைப்பின் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியவர் நீங்கள். அதை அப்பாவிடம் விட்டது மகன் அப்பாவுக்குக் கொடுத்தது, அதற்கு வரி இல்லை. "வீட்டுக்குத்தானே" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நடந்தது, அதிலேயே நில்லுங்கள். வருமானம் உங்களுடையது, டெபாசிட் அப்பாவுடையது. இரண்டையும் உங்களுடையது என்று சொல்லப் போனால்தான் பினாமி வரும்.

அப்படியென்றால் அண்ணனுக்கு மூன்றரை லட்சம் போகத்தான் வேண்டும். வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போங்கள். பேசும்போது 159ஆம் பிரிவையும் சொல்லுங்கள். பங்கு வாங்குகிறவர் அப்பாவின் பழைய வரிப் பாக்கியிலும் பங்காளி. பாதி கேட்கிறவர்கள் அதைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வருவதுண்டு. பணத்தைக் கொடுக்கும்போது வங்கி மூலம் கொடுங்கள், கையில் ரொக்கமாக வேண்டாம். எழுத்தில் 'அப்பாவின் டெபாசிட்டை வாரிசுகள் பிரித்துக்கொள்கிறோம்' என்பதோடு நிறுத்துங்கள்.

அம்மாவும் தங்கையும் உங்கள் பக்கம் என்றால் அதையும் இப்போதே எழுதி வாங்குங்கள், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக. தங்கையின் பங்கும் மூன்றரை லட்சம். அவருடைய வீட்டுக்காரரிடமும் கலந்து பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் அண்ணனோடு மட்டும் பேசி முடித்துவிட்டால், அடுத்த கடிதம் தங்கை மேல் வழக்குப் போடலாமா என்று வரும்.