உருளையும் ஒரு நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் டெல்லி நவீனக் கலைக்கூடத்தில் ஓவியர் வி.எஸ். காய்தொண்டேயின் படம் ஒன்றைப் பார்த்தேன். ஒரே நிறப் பரப்பு, ஆங்காங்கே சில திட்டுகள், தலைப்புகூட இல்லை. கூட வந்த நண்பர், "இதெல்லாம் உள்ளுணர்வில் வரைவது, அப்போதைக்குத் தோன்றுவதை அள்ளிப் பூசிவிடுவார்கள்" என்றார். இவருக்கு உருவம் வரையத் தெரியுமா? உள்ளுணர்வு என்றால் மனம்போன போக்குதானா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நன்றாகவே தெரியும். காய்தொண்டே 1924இல் நாக்பூரில் பிறந்தவர், பெற்றோர் கோவாக்காரர்கள். வளர்ந்தது பம்பாய் கிர்காமில், ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு சாலில். ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து 1948இல் டிப்ளமா வாங்கினார். ஆரம்ப காலப் படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள், சமணச் சுவடி ஓவியங்களின் அழுத்தமான நிறமும் கோடும் இருக்கின்றன. அப்புறம் ஐரோப்பிய நவீன ஓவியர் பால் க்ளேயிடம் மனம் போயிற்று. ஐம்பதுகளின் இறுதிக்குள் உருவங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன. வரையத் தெரியாமல் அவர் அந்த இடத்துக்கு வரவில்லை.

"அள்ளிப் பூசுவது" என்று உங்கள் நண்பர் சொன்னதைத்தான் என்னால் விடமுடியவில்லை. காய்தொண்டே வருடத்துக்கு ஐந்தாறு படங்கள்தான் முடித்தார். அள்ளிப் பூசுகிற ஆளுக்கு அது ஒரு வாரத்து வேலை. மற்ற நாளெல்லாம் என்ன செய்தார்? உட்கார்ந்திருந்தார். வெற்றுக் கித்தானை, அதாவது கேன்வாஸை, பார்த்துக்கொண்டு, இசை கேட்டுக்கொண்டு, படித்துக்கொண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு இது சோம்பலாகத்தான் தெரியும். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பேச்சு பழக்கம்.

வேலை தொடங்கினால் தூரிகையைவிட உருளைக்கும் கத்திக்கும்தான் இடம் அதிகம். சுவருக்கு வெள்ளையடிப்பவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி உருளை. தைல வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றுவார், சில இடங்களில் கத்தியால் வழித்தெடுப்பார். கிழித்த காகிதத் துண்டுகளை ஈர வண்ணத்தின்மேல் ஒற்றி எடுப்பதும் உண்டு. நீங்கள் பார்த்த திட்டுகள் அப்படி வந்தவையாக இருக்கலாம். ஒற்றி எடுத்த காகிதம் எவ்வளவு வண்ணத்தை விட்டுவைக்கும், எவ்வளவைக் கொண்டுபோகும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. வந்ததைப் பார்த்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். உள்ளுணர்வு வேலை செய்வது அங்கேதான். ருசி பார்க்காமலே உப்பு போடுகிற பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைக்குப் பின்னால் எத்தனை வருடச் சமையல் இருக்கிறது!

ஜென் பௌத்தம், ரமணர், மும்பையில் வாழ்ந்த அத்வைத குரு நிசர்கதத்தர் எல்லாம் அவர் ஈடுபாடு காட்டிய விஷயங்கள். நம் ஊர்க்காரர்கள் ரமணர் பெயரைக் கேட்டதுமே படத்தில் திருவண்ணாமலையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தேடவேண்டாம், அதில் மலையும் இல்லை, கடலும் இல்லை. 'அரூபம்' என்று நாம் சொல்கிற 'abstract' என்ற சொல்லையே அவர் ஏற்கவில்லை. ஏதோ ஒரு உருவத்திலிருந்து பிழிந்தெடுத்தது என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. புறப்பொருள் எதையும் சாராத படம் என்றே சொல்லிக்கொண்டார். தலைப்பு இல்லாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2013இல் அவர் படம் ஒன்று மும்பை ஏலத்தில் 23 கோடிக்கு மேல் போனது. இந்த விவரத்தை நண்பரிடம் சொல்லாதீர்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இன்னொரு விஷயம் சொல்லலாம். எழுபதுகளில் டெல்லிக்குக் குடிபெயர்ந்தவர், 1984இல் அங்கே ஒரு சாலை விபத்தில் பலமாக அடிபட்டார். பெரிய கித்தான்களோடு மல்லுக்கட்ட முடியாமல் காகிதத்தில் மையால் சின்னச் சின்னதாக வரைந்தார். பிறகு மீண்டும் கித்தானுக்குத் திரும்பினாலும் கடைசி வருடங்களில் அதையும் நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம், மனத்துக்குள் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன், கித்தானில் பூசிச் சக்தியை வீணாக்க முடியாது என்றாராம். 2001இல் இறந்தார்.

அடுத்த முறை போனால் அதே படத்துக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது, எங்கே வழித்தார், எங்கே விட்டார் என்பது தெரியும்.