ஜாவா கிராமங்களில் 'தானா பெங்கோக்' என்றால் என்ன?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கிராமத் தலைவருக்கும் ஊர் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர்ப் பொது நிலத்தில் ஒரு பங்கை விடுவார்கள். அதுதான் பெங்கோக். பதவியில் இருக்கும்வரை நெல்லோ கரும்போ போடலாம், குத்தகைக்கும் விடலாம். அந்தக் காலத்தில் ஊர்க் கையில் ரொக்கம் குறைவு, வயல்தான் இருந்தது. அதனால் வந்த ஏற்பாடு இது. அரசு குடியிருப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

2014 கிராமச் சட்டத்துக்கு அப்புறம் மாதச் சம்பளம் உண்டு. ஆனாலும் பல ஊர்களில் பெங்கோக் கூடுதல் வருமானமாகத் தொடர்கிறது. தலைவர் தேர்தல் சூடுபிடிக்க நல்ல தண்ணீர் வசதியுள்ள வயலும் ஒரு காரணம் என்பேன். ஊருக்குள் அடங்கிய 'டூசுன்' என்ற குக்கிராமத்தின் தலைவருக்குத் தேர்தல் இல்லை, நியமனம்தான். அவருக்கும் பங்கு உண்டு.

பலர் நினைப்பதுபோல் இது தலைவரின் சொந்தச் சொத்து அல்ல. விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது.