தொட்டாச்சிணுங்கி சுபாவத்துக்கு சிங்கப்பூரில் என்ன வேலை?

தம்பி, கேள்வியைப் படித்தேன். எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், சிங்கப்பூர் வந்து ஏழு மாதம், மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலை, தடுப்பே இல்லாத அலுவலகம். பக்கத்து மேசைக்காரர் ஃபோனில் பேசினால் உங்கள் வேலை நின்றுவிடுகிறது. மேலாளர் குரலை உயர்த்தினால் இரண்டு நாள் தூக்கம் போகிறது. "ராஜினாமா கொடுத்துவிட்டு நூலகம், டியூஷன் என்று அமைதியாக ஏதாவது பார்க்கலாமா?" என்கிறீர்கள்.

வேலையை மாற்றுங்கள், தப்பில்லை. கையில் அடுத்த பாஸ் உறுதியாகும் முன் ராஜினாமா மட்டும் வேண்டாம். உங்கள் பாஸ் இந்த ஒரு முதலாளிக்கானது. அது ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி, அவ்வளவுதான். புதிய கம்பெனி உங்களுக்காகப் புது விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு முன் பெரும்பாலான கம்பெனிகள் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் அந்த இடத்தை 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும். மனிதவள அமைச்சு பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு 10 வேலை நாளில் பதில் சொல்லிவிடும். அதன்மேல் உங்கள் நோட்டீஸ் காலத்தையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்கும் கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. வெளிநாட்டவர் வேலையை விட்டால் வரிக் கணக்கு முடியும் வரை முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஊருக்கு அனுப்பும் பணமும் கையில் இல்லாமல் கடிதத்தை நீட்டாதீர்கள்.

நூலகம், டியூஷன் யோசனை இங்கே ஓடாது. 2025 ஜனவரியிலிருந்து புது எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது ஏற ஏற இன்னும் அதிகம். நூலக உதவியாளர் வேலையில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுப்பதும் இந்தப் பாஸில் குற்றம்.

இனி சுபாவம். ஊரில் தொட்டாச்சிணுங்கி என்பார்கள். எலெய்ன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதை ஆராய்ந்து, நூற்றில் 15 முதல் 20 பேர் இப்படி இருப்பதாகக் கணக்கிட்டார். நோய் கிடையாது, ஆகவே மருத்துவச் சான்றும் கிடையாது. மேலாளரிடம் போய் "நான் இப்படிப்பட்டவன்" என்று அறிவிக்கவும் தேவையில்லை. "இவனுக்கு அழுத்தம் தாங்காது" என்று மனதில் குறித்துக்கொள்வார், உங்களுக்கு வேண்டியதைக் கொடுக்க மாட்டார்.

முதலில் செய்ய வேண்டியது, எது உங்களை அரிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. இரண்டு வாரம், நாளுக்கு நான்கு முறை: அலுவலகம் நுழையும்போது, மதியம் 12க்கு, 4க்கு, படுக்கும்போது. அந்த நேரத்து மன அழுத்தத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண் எழுதுங்கள், பக்கத்தில் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடந்தது ஒரு வரியில். நுழையும்போதே 6 என்றால் குற்றவாளி அலுவலகமே இல்லை. நாலு பேர் தங்கும் அறையோ நெரிசல் நேரத்து ரயிலோதான். வேலையை மாற்றினாலும் அது கூடவே வரும். ரயில்தான் என்றால், வார நாளில் காலை 7.45க்கு முன் கார்டைத் தட்டி நுழையுங்கள். கூட்டமும் குறைவு, கட்டணத்தில் 50 காசு வரை தள்ளுபடியும் உண்டு.

12க்கும் 4க்கும் எண் எகிறினால் அது அலுவலகம். அங்கும் சத்தம் வேறு, குறுக்கீடு வேறு. சத்தத்துக்கு ஹெட்ஃபோன் உதவும். "ஒரு நிமிஷம்" என்று தோளைத் தட்டுபவருக்கு அது உதவாது. அதற்கு இடம் மாற வேண்டும், இல்லை வீட்டிலிருந்து சில நாள் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டுதல் நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்தவர் எழுத்தில் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் தொழில் சார்ந்த நியாயமான காரணம் வேண்டும்.

அதனால் விண்ணப்பத்தை உணர்ச்சியாக எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், வியாழன் இரண்டு நாள் வீட்டிலிருந்து டெஸ்ட் கேஸ் எழுதுகிறேன். ரிலீஸ் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வருகிறேன். தொடக்கம் அடுத்த மாதம் முதல் தேதி, மூன்று மாதம் முயற்சி, முடிவில் தவறவிட்ட பிழைகளின் எண்ணிக்கையை முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடலாம்." அளக்க ஒரு கோலைத் தந்துவிட்டால் மேலாளருக்கும் மேலே கேட்டுச் சொல்ல வசதி.

குரல் உயர்த்தும் மேலாளர் விஷயத்தில் ஹெட்ஃபோனும் உதவாது, இந்த வழிகாட்டுதலும் உதவாது. பேச்சு முடிந்ததும் "நீங்கள் சொன்னதில் நான் செய்ய வேண்டியவை இந்த மூன்று" என்று மின்னஞ்சல் போடுங்கள். இரவில் மனம் அசைபோட விஷயம் குறையும். அப்படியும் மூன்று மாதத்தில் மாறவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

பார்க்கும்போது பதவிப் பெயரில் மயங்காதீர்கள், அந்த வேலையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். "ஃபாஸ்ட் பேஸ்டு" (வேகமான சூழல்) என்று விளம்பரத்தில் இருந்தால் ஆள் பற்றாக்குறை என்று நான் படித்துக்கொள்வேன். நேர்காணலை நேரில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில், பிற்பகல் 3 மணிக்குக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள், தளம் கோயில் பிரகாரம்போல் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். "நான் உட்காரப்போகும் இடத்தைப் பார்க்கலாமா? நிரந்தர மேசையா? இரவு 8க்கு மேல் வாட்ஸ்ஆப் வருமா?" என்று கேளுங்கள். அதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில்.

உங்கள் கண்ணுக்குத் தப்பாத சிறு பிசகுகள்தான் டெஸ்டிங்கின் மூலதனம், அதைத் தூக்கி எறிய வேண்டாம். பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி செயலி இருக்கிறதா என்று சோதிப்பது, தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது, தரவுத் தரம் பார்ப்பது எல்லாம் பக்கத்துக் கிளைகள். யாருக்குப் பயன்படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். "மென்மையான மனசு, கவுன்சலிங் படி" என்பார்கள். அடுத்தவர் துயரத்தை நாளுக்கு ஆறு மணி நேரம் கேட்கும் வேலை அது, யோசித்து இறங்குங்கள்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற மனநல உதவி எண் எந்நேரமும் உண்டு.

அப்புறம், ஞாயிறு மாலை தேக்கா (லிட்டில் இந்தியா) கூட்டத்தில் நிற்பதை நிறுத்துங்கள். சாமான் வாங்க செவ்வாய் இரவு போனால் போதும்.