டர்போ காரில் ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது, இஞ்செக்டரை மாற்றலாமா?

கேள்வி இதுதான்: டர்போ ஸ்போர்ட்ஸ் கார், நிற்கும்போது என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது, அழுத்தி மிதித்தால் மட்டும் மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரிவதில்லை. புதுக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) போட்டதும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே தொல்லை. இஞ்செக்டரை (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முதலில் அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். எனக்கும் இதேதான் நடந்தது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என்னுடையது 2 லிட்டர் டர்போ. வேலைக்குத் தனியாகப் போய்வந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம், காரில் ஐந்து பேர். என்3 சாலையில் ஏற்றம் தொடங்கி ஆறாவது கியரில் மிதித்ததும், யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவதுபோல் உதறியது. என்ஜின் விளக்கு மினுக்கியது. அந்த விளக்கு மினுக்கினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உருகிப்போனால் செலவு பல மடங்கு.

ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறு எண் வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். மூன்றாவது காயிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றில் போட்டேன். கோளாறு மூன்றிலேயே நின்றது. சரி, காயில் நல்லது என்று முடிவு கட்டினேன். பத்து நாளில் இரண்டாவது சிலிண்டரும் மிஸ் ஆக ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் நான்கு இஞ்செக்டருக்கும் விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற மெக்கானிக். "பிளக்கைப் பாத்தியா தம்பி?" என்றார்.

"புதுசு மாமா, போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல."

"புதுசா இருந்தா என்ன? கழட்டு."

மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. துணியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அந்த பிளக்கில் முன்பு உட்கார்ந்திருந்த காயிலின் ரப்பர் பூட் (boot, பிளக்கின் மேல் மாட்டும் உறை) உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், உள்சுவரில் அதே கோடு. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல், பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி என்ஜின் உடம்பில் எர்த் ஆகியிருக்கிறது. போன தடமெல்லாம் கரியாகிவிட்டது. பூட்டோடு சேர்த்துக் காயிலை இரண்டாவதுக்கு மாற்றினேன் அல்லவா, அங்கே இருந்த நல்ல பிளக்கையும் அது கெடுத்துவிட்டது.

உங்கள் புதுக் காயில் இரண்டு வாரம் தாங்கியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய பிளக்கில் கரிக்கோடு இருந்தால் புதுப் பூட்டிலும் தடம் பதிந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் அது கொரோனா கறை, பாதகமில்லை. குத்துக்கோடுதான் கோளாறு.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? காற்று எவ்வளவு நெருக்கமோ, பொறி இடைவெளியைத் தாண்ட அவ்வளவு வோல்டேஜ் தேவை. டர்பன் மாதிரி கடல்மட்டத்தில் பூஸ்ட் கேஜ் (டர்போ கூட்டும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) 1 பார் காட்டினால், வெளியில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது. வெளியே சுலபமான வழி இருந்தால் பொறி அதில்தான் போகும். என் பிளக்குகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தேன், 0.9 மில்லிமீட்டர். என் என்ஜினுக்கு 0.7தான் இருக்க வேண்டும். உங்கள் காருக்கு என்ன அளவு என்று கையேட்டில் பாருங்கள். ரீமேப் செய்து (என்ஜின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றி) பூஸ்ட் கூட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. இரிடியம் பிளக்கில் நடு முனையை நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். பக்கத்துக் கம்பியைத்தான் வளைக்க வேண்டும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஆயில் பட்டால் பூட் ஊறிக் கெடும்.

நான்கு பிளக், இரண்டு பூட் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்கினோம். அடுத்த ஞாயிறு அதே ஐந்து பேரோடு ஹில்டனுக்கு ஏறும் டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தில் முழுசாக மிதித்தேன். ஒரு உதறல் இல்லை.

பிளக்கும் பூட்டும் சுத்தமாக இருந்தால் அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை. மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் வால்வு, ரிங் பக்கம் தேட வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் அப்புறம் இஞ்செக்டரைச் சந்தேகப்படலாம். பல சிலிண்டர் கலந்து மிஸ் ஆகி பி0300 வந்தால் பெட்ரோல் பிரஷர், பூஸ்ட் குழாய்க் கசிவு என்று வேறு வழி, உங்களுடையது அது இல்லை.

பிளக்கைக் கழற்றியதும் பீங்கான் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.